அக்டோபர் மாத நாய்

இன்ஷூரன்ஸ் கம்பெனி ஆட்கள் வீடு வீடாக வந்து நாய்களின் மண்டையை டேப் வைத்து அளக்கிறார்களாம். இதை எனக்குச் சொன்னவள் முடி வெட்டும் ரோண்டா. ரோண்டாவுக்குச் சொன்னது அவள் நாத்தனார். நாத்தனாருக்கு யார் சொன்னார்கள் என்று கேட்டால், "ஆத்துக்கு அந்தப் பக்கம் கென்டக்கி முழுக்க இதே பேச்சுதான்" என்றாள். ரத்த அழுத்த மாத்திரை வாங்க மருந்துக்கடைக்கு வந்தவள், என் கவுன்டருக்கு முன்னால் நின்று தன் தலையிலேயே இரண்டு கைகளையும் வைத்து அளந்து காட்டினாள்.

"இந்தக் காதுக்கும் அந்தக் காதுக்கும் நடுவுல இவ்ளோ இருந்துச்சுன்னா போச்சாம். ஒண்ணு நாய் இருக்கணும், இல்ல இன்ஷூரன்ஸ் இருக்கணுமாம்."

"அப்படிப் பார்த்தா உன் புருஷனை வச்சுக்கிட்டு உனக்கு எப்படிக் குடுத்தானுங்க?" என்றார் பின்னால் நின்றவர். வரிசையே சிரித்தது.

நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு மாத்திரைத் தட்டுக்குத் திரும்பியபோது எண்ணிக்கை தப்பி, மறுபடி முதலிலிருந்து எண்ணினேன். எனக்கு நாய் கிடையாது. ஆனால் பாலிசி, புதுப்பித்தல், ரத்து என்று எந்தச் சொல் காதில் விழுந்தாலும் எனக்கு எண்ணிக்கை தப்பும். இந்த நாட்டுக்கு வந்து பாதி ஆயுள் கழிந்த பிறகும், தபால் பெட்டியைத் திறக்குமுன் மூச்சைப் பிடித்துக்கொள்கிறவள் நான். அது என் சுபாவம். ஆனால் அன்று தப்பியதற்கு வேறு காரணம் இருந்தது. என் பக்கத்து வீட்டு வான்டா கெஸ்லரிடம் ஒரு நாய் இருந்தது. அதன் மண்டை பெரியது.

சாயங்காலம் வேலி ஓரமாகப் போய் நின்றேன். வான்டா வராந்தாவில் சிகரெட்டோடு உட்கார்ந்திருந்தாள். நாய் அவள் செருப்பின் மேல் தாடையை வைத்துப் படுத்திருந்தது. ரோண்டா சொன்னதைச் சொன்னேன்.

"டேப்பெல்லாம் ஒண்ணும் இல்ல கண்ணு," என்றாள் வான்டா. "டேப் எடுத்துக்கிட்டு வந்திருந்தாக்கூட நாயை நேர்ல பார்த்திருப்பானுங்க. எவனும் வரல. காலண்டரைப் பார்த்தே முடிவு பண்ணிட்டானுங்க."

எங்கள் ஊரில் காலண்டர் என்றால் கிரெய்க் பிளெவின்ஸின் காலண்டர்தான். கிரெய்க் எங்கள் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். வங்கிக்கு எதிரே அலுவலகம். வான்டாவின் வீடும் என் வீடும் ஊரில் பாதி வீடுகளும் அவன் மூலமாக ஒரே கம்பெனியில்தான். வருஷா வருஷம் அவன் ஒரு காலண்டர் போட்டு வாடிக்கையாளர்களுக்கு இலவசமாகக் கொடுப்பான். மாதத்துக்கு ஒரு படம். படத்தில் யாராவது ஒரு வாடிக்கையாளர் வீட்டு நாயோ பூனையோ. அக்டோபர் கடைசியில் அவனே ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டு, "நம்ம குடும்பத்துச் செல்லத்தோட ஒரு போட்டோ அனுப்புங்க" என்று கேட்பான். எல்லோரும் அனுப்புவார்கள். யார் வீட்டு நாய் எந்த மாதம் என்பது டிசம்பரில் ஊரில் பெரிய பேச்சு. கிறிஸ்துமஸ் மாதம் யாருக்கு என்ற சண்டையில் ஒரு முறை அக்காவும் தங்கையும் பேச்சையே நிறுத்தியிருக்கிறார்கள்.

அந்த வருஷம் ஜனவரி கிரெய்க்கின் அம்மா மார்ஜியின் நாய். அக்டோபர் வான்டாவின் நாய் கிரேவி.

வான்டாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் அட்டை ஆலைக்குப் பின்னால் பிறந்தவள். அப்பா, சித்தப்பா, பிறகு கட்டிக்கொண்ட டேல், எல்லோருமே ஆலையில் வேலை பார்த்தவர்கள். ஆலை ஓடிய காலத்தில் ஊரே அழுகிய முட்டைக்கோஸ் நாற்றம் அடிக்கும் என்பாள். ஆலையை மூடி நாற்றம் நின்ற அன்று எல்லோரும் அழுதார்களாம். டேல் ஆலைக்குப் போனார், வான்டா பள்ளிப் பேருந்து ஓட்டினாள். பதினாலாம் நம்பர் பஸ். மலைமேல் இருக்கும் வீடுகளிலிருந்து ஆற்றோரத்துத் தகர டிரெய்லர் வீடுகள்வரை இருந்த பிள்ளைகள் அத்தனை பேரும் அவள் பின்னால் உட்கார்ந்து வளர்ந்தவர்கள்தான். பபிள்கம் கூடாது, எட்டி உதைக்கக் கூடாது, அழுகிறவன் முன் சீட்டுக்கு வர வேண்டும். சட்டம் அவ்வளவுதான். அவளுக்குச் சொந்தப் பிள்ளைகள் கிடையாது. யாராவது அதைப் பற்றிக் கேட்டால், "ஒரு பஸ் நிறைய இருக்கு, போதாதா?" என்பாள்.

டேல் நுரையீரல் கெட்டு இறந்தபோது ஊர் வழக்கப்படி எல்லோரும் கேசரோல் கொண்டுவந்து கொடுத்தார்கள். நூடுல்ஸ், கோழி, பாலாடைக்கட்டி, மேலே நொறுக்கிய சிப்ஸ். பாத்திரங்களுக்கு அடியில் பிளாஸ்திரி ஒட்டி அதில் பெயர். தின்றவர்கள் பாத்திரத்தைக் கழுவித் திருப்பிக் கொடுத்தே ஆக வேண்டும். வான்டா துக்கத்தோடு தெருத் தெருவாகப் போய்ப் பாத்திரம் திருப்பினாள். கடைசிப் பாத்திரம் நாய்க் காப்பகம் நடத்தும் பெண்ணுடையது. அதை மட்டும் சரியாகக் கழுவவில்லை. மூலையில் கறிக்குழம்பு காய்ந்திருந்தது. காப்பகத்தில் அதைக் கீழே வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, கம்பிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பழுப்பு நிற நாய் ஒன்று நாக்கை நீட்டி, கண்ணாடிப் பாத்திரத்தை முகம் பார்க்கிற அளவுக்கு நக்கி வைத்தது. வெள்ளை நெஞ்சு, சதுர முகம், கிழிந்த ஒரு காது. வான்டா பாத்திரத்தைக் கொடுத்துவிட்டு நாயோடு திரும்பினாள். கிரேவி என்று பெயர் வைத்தாள்.

காப்பகத்துச் சீட்டில் 'லாப்ரடார் கலப்பு' என்று எழுதியிருந்தது. அங்கே எல்லா நாய்க்கும் அப்படித்தான் எழுதுவார்கள். வேறு பெயர் எழுதினால் யாரும் கூட்டிப் போக மாட்டார்கள் என்று ஊருக்கே தெரியும். கிரெய்க்குக்கும் தெரியும். என்ன இனம் என்று பாலிசியில் கேட்ட இடத்தில், சிரித்துக்கொண்டே, 'லாப்ரடார் கலப்பு' என்று நிரப்பியவன் அவன்தான். வான்டா மறைத்தாள் என்று பிற்பாடு சொன்னார்கள். அவள் எங்கே மறைத்தாள்? காலண்டருக்கே அல்லவா படம் கொடுத்தாள்!

நடந்தது இதுதான். கிரெய்க் தன் காலண்டரைக் கம்பெனித் தலைமை அலுவலகத்துக்கு ஒரு போட்டிக்கு அனுப்பினான். 'வாடிக்கையாளரோடு நெருக்கம்' என்று ஏதோ பெயர். பரிசும் வாங்கினான்; கண்ணாடியில் செய்த ஒரு கேடயம், அவன் மேஜையில் இப்போதும் இருக்கிறது. பரிசு வாங்கிய காலண்டரை அங்கே சுவரில் மாட்டினார்கள். அக்டோபர் பிறந்ததும் யாரோ தாளைத் திருப்பியிருக்கிறார்கள். அந்தப் பக்கமாகக் காபி எடுக்கப் போன ஒருத்தர், எந்த வீட்டை ஏற்பது எதைத் தள்ளுவது என்று தீர்மானிக்கும் பிரிவில் வேலை செய்பவர், நின்று பார்த்திருக்கிறார். பூசணிக்காய் பக்கத்தில் ஆரஞ்சு கைக்குட்டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த கிரேவி. அடியில், 'கிரேவி, வான்டா கெஸ்லர் இல்லம்.'

அது பிட்புல் வகை. கம்பெனி ஏற்காத நாய்களின் பட்டியலில் இருக்கும் வகை. நவம்பரில் பாலிசி புதுப்பிக்கும் நாளுக்குள் நாய் வீட்டைவிட்டுப் போகவில்லை என்றால் பாலிசி போகும் என்று வான்டாவுக்குக் கடிதம் வந்தது.

பாலிசி போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஆலை மூடிய பிறகு கூரைக்கும் டேலின் மருத்துவத்துக்கும் அந்த வீட்டின் மேல் வாங்கிய கடன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. இன்ஷூரன்ஸ் இல்லாத வீட்டை வங்கி சும்மா விடாது. தானே ஒரு பாலிசி எடுத்து, அதன் செலவைத் தவணையோடு சேர்த்துவிடும். ஓய்வூதியத்தில் அந்தத் தவணையைக் கட்ட முடியாது. ஆக, நாய் அல்லது வீடு.

அந்த மாதம் முழுவதும், ஊரில் எந்தச் சமையலறைக்குப் போனாலும் சுவரில் கிரேவி இருந்தது. பல் மருத்துவரின் வரவேற்பில், பெட்ரோல் பங்க்கில், என் மருந்துக்கடையின் குளிர்பெட்டி மேல், எங்கும் அந்தக் கைக்குட்டை, அந்தக் கிழிந்த காது. அதன் அடியில் கம்பெனியின் பெயர் தங்க எழுத்தில், 'உங்கள் வீட்டில் ஒருவராக' என்ற வாசகத்தோடு. எனக்கு அதைப் பார்க்கவே வாயில் ஏதோ புளித்தது.

ஒரு சனிக்கிழமை கிரெய்க் வந்தான். வேலியோரம் இலை வாரிக்கொண்டிருந்த என்னை வான்டா கையைக் காட்டிக் கூப்பிட்டாள். "வா, வந்து உக்காரு. நான் பாட்டுக்கு ஏதாவது பண்ணித் தொலைச்சா சாட்சி வேணும்."

கிரெய்க்குக்கு நாற்பது வயது இருக்கும். எப்போதும் புதினா மிட்டாய் வாசம். கை குலுக்கினால் உள்ளங்கை ஈரமாக இருக்கும். குலுக்கிய பிறகு நாம் எங்கே துடைத்துக்கொள்வது என்று தவிப்போம். படியில் உட்கார்ந்தான். கிரேவி எழுந்து, இழுக்கும் பின்னங்காலோடு போய் அவன் பக்கத்தில் படுத்தது. அவன் அதன் காதைச் சொறிய ஆரம்பித்தான்.

"மிஸ் வான்டா, எனக்கு மட்டும் இதுல சந்தோஷமா? கிரேவியைப் பிடிக்காமலா அக்டோபர்ல போட்டேன்? அது நல்ல மாசம். எல்லாரும் கேட்டாங்க அக்டோபரை."

"ரொம்ப நன்றி. மேல சொல்லு."

"அவங்க இது ஆபத்தான வகைங்கறாங்க."

"கிரேவி யாரையாவது கடிச்சிருக்காளா?"

"அதை அவங்க கேக்கறதில்ல. வகையை மட்டும்தான் பார்ப்பாங்க."

"பூனைக்குட்டிக்குப் பயந்து சோபாவுக்குப் பின்னால போறவடா இவ!"

"எனக்குத் தெரியும் மிஸ் வான்டா. அதனாலதான் ஒரு வழி யோசிச்சேன்." குரலைத் தாழ்த்தினான். என்னைப் பார்த்து, நானும் கூட்டாளி என்பதுபோலச் சிரித்தான். "ஒரு மாசம் உங்க தம்பி வீட்டுல விடுங்க. காலி வராந்தாவை நான் போட்டோ எடுத்து அனுப்பிடறேன். நாய் இல்லன்னு நீங்க ஒரு கையெழுத்துப் போடுங்க. அப்புறம் நீங்க யாரை வீட்டுக்குள்ள விடறீங்கன்னு நான் எதுக்கு எட்டிப் பார்க்கப் போறேன்?"

வான்டா சிகரெட்டை அணைத்தாள். "குழாய் வெடிச்சு வீடு நாசமாகி, பணம் குடுன்னு நான் வந்து நின்னா? அன்னிக்கு எட்டிப் பார்ப்பியா, மாட்டியா?"

நாய் இல்லை என்று கையெழுத்துப் போட்டுவிட்டு நாய் இருந்தால், கூரை பறந்தாலும் ஒரு பைசா வராது. அது எனக்கே தெரியும், அவனுக்குத் தெரியாதா? வருஷா வருஷம் அவளிடம் பணம் வாங்குவான், தேவைப்படும் நாளில் அந்தக் கையெழுத்தைக் காட்டுவான். அதை உதவி என்ற பெயரில் படியில் கொண்டுவந்து வைத்திருந்தான்.

"சரி, அது வேண்டாம்," என்றான். கை இன்னும் நாயின் காதில்தான் இருந்தது. "இவளுக்கு என்ன வயசு? பத்து? பதினொண்ணு? கால் வேற இழுக்குது பாவம். இப்பெல்லாம் டாக்டர் வீட்டுக்கே வந்து பண்றாங்க மிஸ் வான்டா. சொந்தப் போர்வையிலேயே. ஒரு ஊசி, தூங்கற மாதிரிதான். எப்படியும் இன்னும் ஒண்ணு ரெண்டு வருஷம். சில சமயம் அதுதான் அன்பு."

கிரேவி சுகத்தில் கண்ணை மூடியிருந்தது. அவன் விரல்கள் காதின் அடியில் அந்த இடத்தைச் சரியாகக் கண்டுபிடித்துச் சொறிந்துகொண்டிருந்தன. எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

"கையை எடு," என்றாள் வான்டா.

"என்ன?"

"அவ மேல இருந்து கையை எடுடா." எடுத்தான். "ரெண்டாங் கிளாஸ்ல நீ என் பஸ்ல வாந்தி எடுத்தே. ஞாபகம் இருக்கா? சீட்டு, தரை, என் ஷூ எல்லாம். வண்டியை நிறுத்தி என் ஸ்வெட்டரைக் கழட்டி உன் வாயைத் துடைச்சுவிட்டேன். எல்லாரும் மூக்கைப் பிடிச்சுக்கிட்டாங்க. எனக்குக் குமட்டல." எழுந்து நின்றாள். "இன்னிக்குக் குமட்டுது. வீட்டுக்குப் போ, கிரெய்க்."

அவன் போனான். போகும்போது எனக்குக் கை கொடுக்க வந்தான். நான் இலை வாரும் கழியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

நாயை நானே வைத்துக்கொள்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். "உனக்கும் அதே கம்பெனிதானே கண்ணு? அப்புறம் ரெண்டு வீடு போகும்," என்றாள். தம்பி இருப்பது வாடகை வீடு. அங்கே பெரிய நாய்க்கு இடமே கிடையாது. எச்சில் எடுத்து அனுப்பினால் நாயின் வம்சத்தைச் சதவீதம் போட்டுச் சொல்கிற பெட்டி ஒன்று கடையில் விற்கிறதே, நிஜமாகவே லாப்ரடாராக இருந்தால் என்ன என்று கேட்டேன்.

வான்டா என்னைப் பார்த்த பார்வையில், அவள் பஸ்ஸில் ஏறியே இருக்காத நானும் அழுகிற பிள்ளைபோல முன் சீட்டுக்குப் போக வேண்டியவளானேன். "என் பஸ்ல ஏறுன ஒரு புள்ளையையும் உன் ரத்தம் என்னன்னு நான் கேட்டதில்ல. இந்த வயசுல நாய்கிட்ட ஆரம்பிக்கச் சொல்றியா?"

நான் கழியை எடுத்துக்கொண்டு மறுபடி இலை வாரப் போனேன்.

அந்த வாரமே தீயணைப்பு நிலையத்தில் சில்லி விருந்து. புதுத் தண்ணீர்க் குழாய்க்குப் பணம் சேர்க்க வருஷாவருஷம் நடப்பது. தீயணைப்பு வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டு, உள்ளே நீள மேஜைகள் போட்டு, பீன்ஸும் கொத்துக்கறியும் போட்ட சில்லிக் குழம்பு கொதிக்கும் அண்டாக்கள். தொட்டுக்கொள்ள வேர்க்கடலை வெண்ணெய் தடவிய ரொட்டி. ஊரே வந்திருந்தது. காபிப் பாத்திரத்துக்கு மேலே சுவரில் கிரேவி. குலுக்கல் பரிசான பன்றித்தொடை கிரெய்க்கின் நன்கொடை. மைக் அவன் கையில். அவன் அம்மா மார்ஜி முன் மேஜையில், குழந்தை வண்டியில் தன் நாயை உட்கார வைத்துக்கொண்டு. பிரின்சஸ் என்று பெயர். குட்டைக்கால், நீள உடம்பு, பட்டுச் சட்டை.

வான்டா கிண்ணத்தை வைத்துவிட்டு எழுந்தாள். மைக் கேட்கவில்லை. அவளுக்கு அது தேவையும் இல்லை.

"எல்லாரும் உக்காருங்க."

கூடத்தில் நின்றவர்கள் அப்படியே உட்கார்ந்தார்கள். தாடி வைத்த ஆண்கள், பிள்ளையை இடுப்பில் வைத்திருந்த பெண்கள், தீயணைப்புத் தலைவர், எல்லோரும். பாதிப்பேர் பதினாலாம் நம்பரில் போனவர்கள். கால் தானாக மடங்கியது. கிரெய்க்கும் உட்கார்ந்தான். பிறகுதான் தான் ஏன் உட்கார்ந்தோம் என்று விழித்தான்.

"ஒரே ஒரு கேள்வி. ஜனவரி மாசத்துல இருக்கிற நாய் யாரையெல்லாம் கடிச்சிருக்கு? கை தூக்குங்க."

முதலில் தபால்காரர் ஆர்வில் கையைத் தூக்கினார். பிறகு பாஸ்டர். பிறகு, மார்ஜியின் கண்ணைப் பார்க்காமல், தீயணைப்புத் தலைவரின் மனைவி. என் கையும் மேலே போனது. மார்ஜிக்குக் காய்ச்சல் மருந்து கொண்டுபோய்க் கொடுத்தபோது பிரின்சஸ் என் கணுக்காலைப் பிடித்தது, தழும்பு இருக்கிறது. இந்த ஊரில் இத்தனை வருஷத்தில் ஒரு கூட்டத்தில் நான் கை தூக்கியது அதுதான் முதல் முறை.

"அவ விளையாடுவா!" என்று மார்ஜி கத்தினாள்.

"பாஸ்டருக்குத் தையல் போட்டாங்களே, அதுவும் விளையாட்டுதானா மார்ஜி?"

"அவர் தாடியைப் பார்த்தா அவளுக்குப் பயம்!"

"எனக்கும்தான் பயம். நான் கடிச்சேனா?" என்றார் பாஸ்டரின் மனைவி. கூடம் வெடித்துச் சிரித்தது.

வான்டா சிரிக்கவில்லை. "இப்ப அக்டோபர். கை தூக்குங்க."

யாரும் தூக்கவில்லை. கடைசி மேஜையிலிருந்து ஆர்வில், "அது என் சாண்ட்விச்சைத் தின்னுச்சு, வான்டா. கையோட சேர்த்துத் தின்னலை," என்றார்.

"ஜனவரிக்குப் பாலிசி உண்டு. அக்டோபருக்கு இல்லையாம். ஏன்னு இவன் சொல்லுவான்."

எல்லோரும் கிரெய்க்கைப் பார்த்தார்கள். மைக் ஒரு முறை கிறீச்சிட்டது. "திங்கட்கிழமை காலையில நானே தலைமை ஆபீசுக்குப் பேசறேன். உங்க எல்லார் முன்னாடியும் சொல்றேன்," என்றான். கை தட்டினார்கள். பலமாகத்தான் தட்டினார்கள். தட்டி முடித்ததும், எல்லாம் தீர்ந்துவிட்டதுபோல, "சரி கிரெய்க், பன்றித்தொடை யாருக்கு?" என்று ஒருத்தன் கேட்டான். குலுக்கல் நடந்தது. ஸ்பூன்கள் மறுபடி ஓடின. சற்று முன்னால் கை தூக்கியவர்களும் கை தட்டியவர்களும் போகும் வழியில் கிரெய்க்கின் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். எல்லோருடைய வீடும் அவனிடம்தானே இருக்கிறது. வான்டாவின் கிண்ணம் தொடாமல் ஆறிப்போய், மேலே கொழுப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது.

திங்கட்கிழமை மத்தியானம் கிரெய்க் என் கவுன்டருக்கு வந்தான். "நெஞ்செரிச்சலுக்கு நல்லதா ஏதாவது குடுங்க."

கொடுத்தேன். பில் போடும்போது மெதுவாகச் சொன்னான்: "பேசினேன். முடியாதுன்னுட்டாங்க. பட்டியல்னா பட்டியல்தானாம்."

"பிரின்சஸ் கடிச்சதைச் சொன்னீங்களா?"

"அதுக்கு யாரும் வழக்குப் போடல, கம்பெனிகிட்ட பணம் கேக்கல. கேக்காத கடி கடியே இல்லைங்க, கணக்குல." அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் வெட்கம்கூட இல்லை, அலுப்புதான் இருந்தது. மாத்திரை டப்பாவை அங்கேயே பிரித்து இரண்டை வாயில் போட்டு மென்றான். வெள்ளைத் தூள் உதட்டோரம் ஒட்டியது. "நான் முயற்சி பண்ணேன்னு மிஸ் வான்டாகிட்ட நீங்க சொல்லிடுங்க. அவங்க என் போனை எடுக்க மாட்டேங்கறாங்க. உங்களை மாதிரி நாயே இல்லாத ஆளுங்கதான் எங்களுக்குத் தங்கம்."

அந்தத் 'தங்கம்' ஈரத்துணி மாதிரி என் மேல் ஒட்டிக்கொண்டது. அவன் போன பிறகு கவுன்டரை இரண்டு தடவை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன்.

வான்டாவிடம் சொன்னபோது அவள் ஆச்சரியப்படவில்லை. அவள் அதற்குள் வேறு இடத்தில் விசாரித்துவிட்டிருந்தாள். மலைக்கு அந்தப் பக்கம், விவசாயிகள் தங்களுக்குள் சேர்ந்து எப்போதோ ஆரம்பித்த சின்னக் கம்பெனி ஒன்று. போனை எடுத்தவள் குரலிலேயே மாட்டுத்தொழுவம் கேட்டதாம்.

"நாய் இருக்குன்னேன். கடிச்சிருக்காங்கறா. இல்லன்னேன். குரைக்குமாங்கறா. தபால்காரரைப் பார்த்தாங்கறேன். 'எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான்'ங்கறா. அவ்ளோதான் கண்ணு. வேற ஒண்ணும் கேக்கல." சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "ஆனா காசு கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு."

"எப்படிக் கட்டறது?"

"மறுபடி பஸ்ஸுதான்."

ஓட்டுநர் கிடைக்காமல் பள்ளி தவித்துக்கொண்டிருந்தது எல்லோருக்கும் தெரியும். வருஷா வருஷம் கேட்பார்கள். முட்டியைக் காட்டி மறுத்துவிடுவாள். அந்த முட்டிக்கு டிசம்பரில் அறுவை சிகிச்சை குறித்திருந்தது. டேல் இருந்தபோதே தள்ளிப்போட்டது, அவர் போன பிறகும் தள்ளிப்போட்டது. இப்போது மூன்றாம் முறை. பஸ்ஸில் ஏறவே கம்பியை இரண்டு கையாலும் பிடித்து உடம்பை இழுக்க வேண்டும், நான் பார்த்தேன். ஏறி உட்கார்ந்துவிட்டால் சரியாகிவிடும் என்பாள். ஒரு நாய் தன் வீட்டிலேயே சாகும்வரை இருப்பதற்கு இந்த ஊர் வாங்கிக்கொண்ட விலை அந்த முட்டி. யாரிடமும் அவள் இதைப் புகாராகச் சொன்னதில்லை. எனக்குத்தான் ஆறவில்லை.

அக்டோபர் கடைசி. எனக்கு அன்று விடுமுறை. வான்டா காலையில் பஸ் ஓட்டி முடித்து வந்து, வராந்தாவில் காலை நீட்டி, உறைந்த பட்டாணிப் பையை முட்டியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கிரேவி பட்டாணிப் பையை முகர்ந்து பார்த்துவிட்டுச் செருப்பின் மேல் தாடையை வைத்தது. நான் வேலியோரம் இலை வாரினேன். என் பையில் இருந்த போன் அடித்தது.

"ஹலோ! கிரெய்க் பிளெவின்ஸ்!" குரலில் அதே புதினா. "அடுத்த வருஷக் காலண்டர் ரெடி பண்றோம். நம்ம குடும்பத்துச் செல்லத்தோட ஒரு போட்டோ அனுப்புங்க!"

"எனக்கு நாய் இல்ல கிரெய்க். உங்களுக்கே தெரியும்."

"பூனை?"

"இல்ல."

"மீன்? மீன்கூடப் பரவாயில்லைங்க. மார்ச் இன்னும் காலியா இருக்கு."

"இல்ல."

"சரி, சரி. உங்க தெருவை முடிச்சுடறேன். இருக்கட்டும், பட்டியல்ல அடுத்த வீட்டுக்குப் போன் போடறேன்." வைத்துவிட்டான்.

நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். என்னவென்று வான்டா தலையைத் தூக்கிக் கேட்பதற்குள், அவள் சமையலறைச் சுவரில் இருந்த போன் அடிக்க ஆரம்பித்தது. திறந்திருந்த ஜன்னல் வழியாகத் தெருவரைக்கும் கேட்டது.

கிரேவி ஒரு காதைத் தூக்கியது.

"யாரு?" என்றாள் வான்டா.

"கிரெய்க். காலண்டருக்கு."

அவள் முகம், பஸ்ஸில் யாரோ சீட்டுக்கு அடியில் வைத்து மறந்து அழுகிப்போன முட்டையைக் கண்டெடுத்தவள் முகம்போல ஆனது. பட்டாணிப் பையை முட்டியின் மறுபக்கத்துக்கு நகர்த்தினாள். எழவில்லை. அவள் வீட்டுப் போனில் குரல் பதியும் வசதி கிடையாது. கூப்பிடுகிறவன் சலித்து வைக்கும்வரை அது அடித்துக்கொண்டே இருக்கும். கிரெய்க்கோ சீக்கிரம் சலிக்கிறவன் அல்ல.

உள்ளே அது அடித்தது. நாங்கள் மூன்று பேரும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அது மறுபடியும் அடித்தது.